அவ்குஸ்தா என்றொரு ரீங்காரம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பெயின்ட் சில்லிலிருந்து கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய சில்லு. என் மேசையில், சன்னலோரமாகக் கிடக்கிறது. பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் அடுக்குகள் தெரியும். சாம்பல், சாம்பல், கொஞ்சம் வெளிறிய சாம்பல், மறுபடியும் சாம்பல். ஒவ்வோர் அடுக்கும் ஒரு வசந்த காலம். பனி உருகியதும் கப்பலைப் பார்வையிட ஓர் உயரதிகாரி வருவார். அவர் வருவதற்கு முன் கப்பலில் அசையாமல் நிற்கும் எல்லாவற்றின்மேலும் தூரிகை ஓடிவிடும்.

சில்லின் அடிப்பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை இப்போது சொல்ல மாட்டேன்.

நான் விளாதிவஸ்தோக்கில் இருக்கிறேன். கப்பல் கட்டும் படிப்புக்காக லெனின்கிராதுக்கு வந்தவன், திரும்பவில்லை. இந்த நகரத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். ஆகவே இந்தக் கதையில் வரும் யாரும் இதைப் படிக்கப் போவதில்லை. இப்படி எழுதுவது ஆளில்லாத அறையில் பேசுவது மாதிரி. பழகிவிட்டால் அறைக்கும் ஒரு முகம் வந்துவிடுகிறது. அந்த முகம் நீங்கள்தான்.

2

தொடக்கங்கள்.

முதல் தொடக்கம்: "நீர்மூழ்கியை வேட்டையாடும் கப்பலை வடிவமைப்பவர்கள் முதலில் தீர்க்க வேண்டிய எதிரி நீர்மூழ்கி அல்ல, அந்தக் கப்பலே—"

சரியான வாக்கியம்தான். ஆனால் பாடப்புத்தக வாசனை அடிக்கிறது. வைத்துக்கொள்கிறேன், பின்னால் பயன்படும்.

இரண்டாம் தொடக்கம்: "சிறுவயதில் அப்பாவின் தோளில் அமர்ந்து மதராஸ் துறைமுகத்தில் அந்தச் சாம்பல் நிறக் கப்பலை முதன்முதலாகப்—"

பொய். நான் பார்க்கவில்லை. என் அப்பா என்னைத் துறைமுகத்துக்கு அழைத்துப்போனதே இல்லை. தமிழில் எழுதும்போது கப்பலை எப்படியாவது நம் கரைக்கு இழுத்து வந்துவிட வேண்டும் என்று கை பரபரக்கிறது. அந்தக் கப்பல் நம் பக்கம் வந்தது உண்மை. ஆனால் கடைசியில், இழுவைப் படகின் கயிற்றில், உடைபடுவதற்காக. வாங்கியவர்களுக்காக அதன் இரும்பை அளந்து மதிப்பிட்டவன் நான். அதுதான் என் வேலை.

மூன்றாம் தொடக்கம், துறைமுகத்தின் வாயிற்கதவில்:

"யாரு இந்தம்மா?" என்று கேட்டாள் காவலில் இருந்த ஸோயா. அவள் காலடியில் நாய் எழுந்திருக்காமலே உறுமியது.

"எஞ்சினியர், ஸோயா. லெனின்கிராதுலேர்ந்து வந்திருக்காங்க. இந்தக் கப்பலை வடிவமைச்சவங்கள்ல ஒருத்தங்க."

"இப்பத்தான் வர்றாங்களா? கப்பல் கிளம்பறப்பவா?"

"ஆமா."

"நல்லா இருக்கு. என் புருஷனும் இப்படித்தான். விருந்து முடிஞ்சு நான் தட்டு கழுவறப்ப வந்து நிப்பான்." ஸோயா அந்த அம்மாளை ஏற இறங்கப் பார்த்தாள். கம்பளித் தொப்பி, கைத்தடி, இடுப்பில் ஒரு சாய்வு. "பொம்பளைய ஏத்தினா கடல் கோவிச்சுக்கும்னு சொல்வாங்களே, இல்யா?"

இளம்பரிதி என்ற என் பெயர் இவர்கள் வாயில் இல்யா ஆகிப் பல காலமாகிறது.

"இனிமே அது தானா கடலுக்குப் போகாது, ஸோயா. இழுத்துட்டுத்தான் போவாங்க."

"அதுவும் சரிதான். கோவிச்சுக்கிட்டு என்ன பண்ணிடப் போகுது. போங்க, போங்க. படியில பனி உறைஞ்சிருக்கு, கைப்பிடிய விட்டுடாதீங்கம்மா."

இந்தத் தொடக்கத்தை வைத்துக்கொள்கிறேன். இதில் மூன்று பேர் இருக்கிறார்கள், ஒரு நாய் இருக்கிறது. தனியாக எழுதுகிறவனுக்கு அது பெரிய கூட்டம்.

3

கப்பலின் பெயர் 'தெர்பெலீவி'. பொறுமைசாலி என்று பொருள். (உண்மைப் பெயர் வேறு. ஆனால் அவர்களுடைய போர்க்கப்பல்களுக்கு இப்படித்தான், மனிதர்களின் குணங்களைப் பெயராக வைப்பார்கள். துணிச்சல்காரன், கூர்மையானவன், சளைக்காதவன். பொறுமைசாலி என்ற பெயரை எவரோ ஒருவர் யோசித்துத்தான் வைத்திருக்க வேண்டும்.)

இப்போது அந்தப் பாடப்புத்தக வாக்கியத்தை எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கப்பலின் வேலை கேட்பது. முன்மூக்கின் அடியில், நீருக்குள், ஒரு பெரிய குமிழ் புடைத்திருக்கும். அதற்குள் சோனார். ஆழத்தில் எங்கோ ஒரு நீர்மூழ்கியின் சுழலி தண்ணீரை அரைக்கும் சத்தத்தை அது பிடிக்க வேண்டும். ஆனால் அதே கப்பலின் வயிற்றில் டர்பைன்கள் இருக்கின்றன, மின்னாக்கிகள் இருக்கின்றன, பம்புகள் இருக்கின்றன, தட்டு கழுவும் மாலுமி இருக்கிறான். கப்பல் வேகமாகப் போனால் தன் சத்தத்திலேயே செவிடாகிவிடும். நின்றால் கேட்கும், ஆனால் துரத்த முடியாது. ஓடு, நில், கேள், ஓடு. அதன் ஆயுள் முழுக்க அதுதான்.

ஆகவே சில பேர் லெனின்கிராதில் ஒரு வடிவமைப்பு நிலையத்தில் உட்கார்ந்து அந்தக் கப்பலின் வாயைப் பொத்தும் வேலையைச் செய்தார்கள். அவ்குஸ்தா செர்கேயெவ்னா அவர்களில் ஒருவர். எந்திரங்களுக்கும் கப்பலின் உடம்புக்கும் இடையே ரப்பர் தாங்கிகளை வைப்பது அவர் பொறுப்பு. எந்திரம் அதிரும், ரப்பர் அதை விழுங்கிக்கொள்ளும், இரும்புக்கு எதுவும் தெரியாது. குழாய்கள், பம்புகள், தளப்பலகைகள் எனக் கப்பல் முழுக்க அவர் கை இருந்தது.

கடல் சோதனைக்குக் கப்பல் கிளம்பியபோது வடிவமைத்த ஆண்கள் எல்லாரும் ஏறிப்போனார்கள். அவரைத் துறைமேடையில் நிறுத்திவிட்டார்கள். பெண் ஏறக் கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இடமில்லை என்றார்கள். திரும்பி வந்தவர்கள், "ஒண்ணும் கேக்கலை, அவ்குஸ்தா, பூனை மாதிரி போகுது," என்றார்கள். அவருக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது: ஒன்றும் கேட்கவில்லை.

கப்பல் கடற்படையில் சேர்ந்து இரண்டாம் வருட வசந்தத்துக்குப் பிறகு, பாட ஆரம்பித்தது. பாதி வேகத்துக்கு மேல் போனால் ஒரே சுருதியில் ஒரு ரீங்காரம். சோனாரில் வேறு எதுவும் கேட்காத அளவுக்கு. பசிபிக்கிலிருந்து புகார் போனது. லெனின்கிராதில் ஒரு குழு கூடியது. குழு கப்பலுக்குப் போகவில்லை, வரைபடத்துக்குப் போனது. மின்னாக்கி அறையின் தாங்கிகளுக்கு அவர் தேர்ந்தெடுத்த ரப்பர் சீக்கிரமே இறுகிவிட்டது, அவர் கணக்கில் பிழை என்று தீர்மானித்தது. அதன்பின் அவரை மாலுமிகளின் அலமாரிகளும் படுக்கைகளும் வடிவமைக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அலமாரிகள்தான் வரைந்தார்.

அவர் ரயிலில் ஒரு வாரம் பயணம் செய்து இங்கே வந்ததன் காரணம் ஒன்றே ஒன்று. கப்பல் வெள்ளிக்கிழமை போய்விடும். அதற்குள் அந்த ரப்பரை யாராவது தொட்டுப் பார்க்க வேண்டும். பிழை தன்னுடையதா இல்லையா என்று தெரிய வேண்டும்.

4

இந்த இடத்தில் அவ்குஸ்தா செர்கேயெவ்னா மீது எனக்கு ஒரு சந்தேகம்.

இவ்வளவு வருடம் கழித்து, ஒரு ரப்பர் துண்டுக்காக, இடுப்பு வலியோடு ஒருவர் இந்தத் தேசத்தைக் குறுக்கே கடப்பாரா? ரயிலடியில் அவரைப் பார்த்தபோது நான் இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்ல வசனம் ஒன்று கிடைத்திருக்கும். அதற்குப் பதில் நாங்கள் பேருந்தில் ஏறி உட்கார்ந்தோம். சன்னலில் அவர் மூச்சு படிந்து வட்டமானது. அதைக் கையுறையால் துடைத்தார். மறுபடி படிந்தது.

"வீட்டுல யாரும்…?" என்று மட்டும் கேட்டேன்.

"அலமாரிங்க இருக்கு," என்றார். "நானே வரைஞ்சது. கதவு சத்தமே போடாது."

அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகம் வரவில்லை.*

* இங்கே ஒரு உவமையை எழுதி அடித்தேன்: கேட்பதற்கென்றே கட்டிய கப்பல், ஒருவரையொருவர் கேட்காத மனிதர்கள். எழுத உட்கார்ந்த மறுநாளே அது வந்து கதவைத் தட்டியது. அவ்வளவு சுலபமாக வருவதை நான் நம்புவதில்லை. அது இங்கே அடிக்குறிப்பிலேயே கிடக்கட்டும். மிதிக்காமல் தாண்டிப் போங்கள்.

5

கப்பலில் அப்போது குடியிருந்தவர் ஒருவர்தான். ப்ரோஹர் தெமியானிச். ஒரு காலத்தில் சோனாரில் உட்கார்ந்து கேட்டவர், அந்தப் பிரிவின் மிச்மன், அதாவது மாலுமிகளை மேய்க்கும் மூத்தவர். மற்றவர்கள் எல்லாரும் இறங்கிப் போனபின் காவல் பொறுப்பில் தங்கிவிட்டார். சாப்பாட்டு அறையில் ஒரு மின் அடுப்பு, ஒரு வானொலி, ஒரு கட்டில். கப்பல்காரர்கள் செய்வதுபோல் கொத்திறைச்சி போட்டுக் கிளறிய மக்ரோனி வைத்திருந்தார். உப்புப் போட்டுக் காயவைத்த கோர்யுஷ்கா மீன் ஒரு செய்தித்தாளில் கிடந்தது. அறை முழுவதும் அந்த மீனின் வெள்ளரிக்காய் வாசனை.

"உக்காருங்க, உக்காருங்க. இல்யா, அந்தக் கோப்பையைத் தள்ளு. இவங்க பேரு?"

"அவ்குஸ்தா செர்கேயெவ்னா," என்றார் அவரே.

மீன் உரித்துக்கொண்டிருந்த கத்தி நின்றது.

"பொறுங்க. எந்த அவ்குஸ்தா செர்கேயெவ்னா? ரப்பர் அவ்குஸ்தா செர்கேயெவ்னாவா?"

"இங்க என்னை அப்படித்தான் சொல்வாங்களா?"

"அட, கடவுளே!" அவர் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். "இந்தக் கப்பல்ல உங்களத் தெரியாத ஆளே கிடையாதும்மா. தினமும் பாடுவீங்க நீங்க."

"பாடுவேனா?"

"லெனின்கிராதுலேர்ந்து பதில் வந்துச்சில்ல, இன்னாரு கணக்குல பிழைன்னு. அன்னிலேர்ந்து அந்தச் சத்தத்துக்கு உங்க பேருதான். கமாண்டர் மேலேர்ந்து கேப்பாரு, 'என்னய்யா கேக்குது?' நான் சொல்வேன், 'அவ்குஸ்தா பாடறாங்க, தோழர் கமாண்டர், வேற ஒண்ணும் கேக்கலை.' அவரும், 'சரி, முடிக்கட்டும்'னு சொல்வாரு."

"என்னைத் திட்டியிருப்பீங்க."

"திட்டாம? ஆரம்பத்துல ஒரு கெட்ட வார்த்தை பாக்கி வைக்கலை. உங்கம்மா, உங்க பாட்டி, யாரையும் விடலை. இல்யா, நீ அப்படிப் பாக்காதே, நேர்ல பாத்துட்டு பொய் சொல்லச் சொல்றியா?"

அவ்குஸ்தா செர்கேயெவ்னா சிரித்தார். அந்த நாட்களில் நான் கேட்ட அவருடைய ஒரே சிரிப்பு.

"எப்படி இருக்கும்?" என்றார்.

"எது?"

"நான் பாடறது. நான் அதைக் கேட்டதே இல்லை."

ப்ரோஹர் தெமியானிச் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, ரீங்கரித்தார். தொண்டையின் அடியிலிருந்து வந்த ஒரே சுருதி.

அவ்குஸ்தா செர்கேயெவ்னா தலையை ஆட்டினார். "இல்லை. இவ்ளோ கீழ இருக்காது. அந்த மின்னாக்கி சுத்தற வேகத்துக்கு…" சொல்லிவிட்டு அவரும் வாயை மூடிக்கொண்டு சற்று மேலே ஒரு சுருதியைப் பிடித்தார்.

ப்ரோஹர் தெமியானிச்சின் கண் திறந்தது. "அதேதான்," என்றார், ஏதோ பயந்தவர் மாதிரி. "அய்யோ, அதேதான்!" பின் அவரும் அந்தச் சுருதிக்கு ஏறிச் சேர்ந்துகொண்டார்.

மின்சாரம் விட்டு விட்டு வரும் ஒரு செத்த கப்பலில், மக்ரோனிக்கு முன்னால் உட்கார்ந்து, வயதான இருவர் ஒரு பிழையைப் பாடிக்கொண்டிருந்தார்கள். (இந்த வாக்கியத்தை அடிக்க வேண்டும். அடிக்க மனம் வரவில்லை.)

குடித்தோம். முதல் கோப்பை வந்தவருக்காக. இரண்டாவது கப்பலுக்காக. மூன்றாவது எப்போதும்போல் எழுந்து நின்று, பேசாமல், கடலில் இருப்பவர்களுக்காக. அந்த வருடம் கடற்படைக்கு எரிபொருள் இல்லை. கடலில் எவரும் இல்லை என்று மூவருக்கும் தெரியும். ஆனாலும் எழுந்து நின்றோம்.

உட்கார்ந்தபின் ப்ரோஹர் தெமியானிச் மேசையைப் பார்த்துச் சொன்னார்:

"பெறகு பழகிடுச்சும்மா. வெப்பக் கடல்ல மாசக்கணக்கா கிடப்போம். ஹெட்போன்ல ஒண்ணும் இருக்காது. மழை. இறால் வெடிக்கிற சத்தம், எண்ணெயில கடுகு போட்ட மாதிரி. வேற ஒண்ணும் இல்லை. கரைக்கு வந்தா வீட்டுல எம் பொண்டாட்டி இல்லை, அவ போயி ரொம்ப நாளாச்சு. கடல்லயும் ஒண்ணும் இல்லை, கரையிலயும் ஒண்ணும் இல்லை. அப்ப கமாண்டர் வேகத்தைக் கூட்டுவாரு. உடனே நீங்க வந்துடுவீங்க."

6

சோனார் அறை மூக்குப் பக்கம், கீழே இரண்டாவது தளத்தில். ஒரு ஆள் கையை நீட்டினால் இரண்டு சுவரும் தொடும். அவ்குஸ்தா செர்கேயெவ்னாவை அங்கே இறக்குவதற்குள் நாங்கள் வியர்த்துவிட்டோம். மின்னாக்கி அறை இன்னும் கீழே, செங்குத்தான ஏணியில். அவரால் முடியாது.

"நீங்க போய்த் தொட்டுப் பாருங்க," என்றார். "விரலை அழுத்தினா உள்ள போகணும். போச்சுன்னா ரப்பர் நல்லா இருக்கு, தப்பு என்னோடது இல்லை. கல்லு மாதிரி இருந்தா என்னோடது. அவ்ளோதான்."

ப்ரோஹர் தெமியானிச் அவரைத் தன் நாற்காலியில் உட்காரவைத்தார். கொக்கியில் தொங்கிய ஹெட்போனை எடுத்து அவர் தலையில் மாட்டினார். அதில் மின்சாரமே இல்லை. ஆனாலும் ஒரு பக்கத்தை விலக்கிக் காதுக்குப் பின்னால் நகர்த்திவைத்தார்.

"ஒரு காது கடலுக்கு. ஒரு காது வெளிய இருக்கணும். யாராவது கூப்பிட்டா கேக்கணும்ல."

நாங்கள் இறங்கினோம். ஏணியின் அடியில் கணுக்கால் வரை எண்ணெய்த் தண்ணீர். டார்ச் வெளிச்சத்தில் மின்னாக்கி ஒரு படுத்த எருமையைப் போலத் தெரிந்தது. அதன் அடியில் தாங்கிகள். எல்லாம் பளபளப்பான சாம்பல்.

நான் ஒன்றை அழுத்தினேன். கல்.

அடுத்தது. கல்.

"கல்லுதான்," என்றேன். பின்பக்கம், சுவருக்கும் எந்திரத்துக்கும் நடுவே கை நுழையும் இடைவெளியில், கடைசித் தாங்கியின் மறைந்த பக்கத்தை எட்டித் தொட்டேன். தூரிகை போகாத இடம். விரல் மெத்தென்று உள்ளே போனது. எடுத்ததும் மேடு திரும்பி வந்தது.

எனக்குப் புரிய நேரமாயிற்று. ப்ரோஹர் தெமியானிச்சுக்கு ஆகவில்லை. அவர் எனக்கு எதிர்ப்பக்கம் நின்று, எந்திரத்தின் பீடத்தில் ஓரிடத்தைக் கையுறை கழற்றித் தடவிக்கொண்டிருந்தார். சாம்பலுக்கு அடியில் சாம்பலாக ஒரு சிறு செவ்வகம். ஒரு தகடு. எழுத்துகள் புடைத்திருந்தன, ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை. விரலால் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். உதடு அசைந்தது.

"என்ன எழுதியிருக்கு?" என்றேன்.

"பெயின்ட் பூசக் கூடாது," என்றார்.

ஒரு சிரிப்பு அவரிடமிருந்து வெளியே வந்தது. பாதியில் நின்றது.

"ரப்பர் மேல பூசக் கூடாதுன்னு போட்டிருக்காங்க. நாங்க தகட்டு மேலயும் சேத்துப் பூசியிருக்கோம். இது எங்க பிரிவோட அறை, இல்யா. துடைக்கறது, பூசறது எல்லாம் எங்க பொறுப்பு. ஒவ்வொரு வசந்தமும். 'அட்மிரல் வர்றாரு, ஒரு இடம் விடாதீங்கடா'ன்னு நான்தான் நின்னு பூச வெச்சேன். இறங்கிப் போய் எண்ணெய்ப் பெயின்ட்ட அப்பச் சொல்லிட்டு, மேல போய் ஹெட்போன மாட்டிக்கிட்டு அந்தம்மாவத் திட்டியிருக்கேன்."

எண்ணெய்ப் பெயின்ட் ரப்பரைத் தின்று இறுகச் செய்யும். இறுகிய ரப்பர் வழியே எந்திரத்தின் அதிர்வு இரும்புக்கு இறங்கும். இரும்பு பாடும். கப்பலில் பெண் ஏறக் கூடாது என்று சொல்லாமலே அவரைக் கரையில் நிறுத்திவிட்டுப் போனார்கள். கப்பல் பாட ஆரம்பித்தபின் ஒரே ஒரு முறை அவர் இங்கே இறங்கியிருந்தால் போதும்.

ப்ரோஹர் தெமியானிச் கத்தியை எடுத்தார். தகட்டின் ஓரத்திலா, பக்கத்துச் சுவரிலா என்று என் டார்ச் காட்டவில்லை, எங்கேயோ சுரண்டினார். ஒரு சில்லு தெறித்து அவர் உள்ளங்கையில் விழுந்தது.

7

ப்ரோஹர் தெமியானிச்சுக்கு இது முன்பே தெரியுமா?

எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு வடிவத்தில் நான் அவருக்குத் தெரியும் என்று எழுதினேன். ஏதோ ஒரு வருடம் தகட்டைக் கண்டுபிடித்தார். சுரண்டினால் பாட்டு நின்றுவிடும். ஹெட்போனில் மழையும் இறாலும் மட்டும் மிஞ்சும். ஆகவே மறுபடியும் பூச வைத்தார். அந்த வடிவம் அழகாக இருந்தது. அதனாலேயே கிழித்தேன். நான் அவர் சிரிப்பைக் கேட்டவன். அது பாதியில் நின்ற விதத்தைக் கேட்டவன். தெரிந்த மனிதனின் சிரிப்பு அப்படி நிற்காது.

நிற்காது என்றுதான் நினைக்கிறேன்.

8

முடிவுகள்.

அ) ஏறி வந்து சொன்னோம். அவர் அழுதார். கப்பல் போனது. (அவர் அழக்கூடியவர் இல்லை. இது நான் அழுவது.)

ஆ) "கல்லு மாதிரி இருக்கு, ஆனா அது உங்க தப்பில்லை," என்று ப்ரோஹர் தெமியானிச் அவர் காலடியில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். (அந்த அறையில் மண்டியிட இடமில்லை.)

இ) ஏணியில் ஏறும்போதே நாங்கள் பேசிவைத்துக்கொண்டு "மெத்துன்னு இருக்கு" என்று மட்டும் சொல்லி, பெயின்ட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவர் விடுதலையோடு ஊர் திரும்பினார். (அப்படியானால் கப்பல் ஏன் பாடியது என்று அடுத்த நொடியே கேட்பார். அவர் எஞ்சினியர்.)

ஈ) உண்மையில் நடந்தது. இதன் கடைசி வரியைத் தவிர மற்றதையெல்லாம் சொல்கிறேன்.

9

நாங்கள் ஏறி வந்தபோது அவர் அதே நாற்காலியில், ஹெட்போனோடு, இருட்டில் உட்கார்ந்திருந்தார். டார்ச்சை அவர் முகத்தில் அடிக்காமல் தரையில் அடித்தேன். ப்ரோஹர் தெமியானிச் மூடிய கையைச் சட்டைப் பைக்கு அருகில் வைத்திருந்தார். வாயைத் திறந்தார்.

"இருங்க," என்றார் அவ்குஸ்தா செர்கேயெவ்னா. "நீங்க சொல்றதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடறேன். அப்புறம் சொல்ல வராது."

காத்திருந்தோம். கப்பலின் வெளிப்பக்கத்தில் மெல்லிய பனிப்பாளங்கள் உரசுவது கேட்டது.

"இந்தக் கப்பல்ல நான் செஞ்சது எவ்வளவோ இருக்கு. எல்லாம் சரியா இருந்திருக்கு. அதனால யாரும் கேக்கலை. என் வேலையே அதுதானே, கேக்காம இருக்கறது. சரியா செஞ்சா நான் இருந்தேன்னே யாருக்கும் தெரியாது. வீட்டுக்குப் போனாலும் அதேதான். ரயில்ல வர்றப்ப ஒரே ஒரு வேண்டுதல்தான், அந்தத் தப்பு என்னோடதா இருக்கக் கூடாதுன்னு."

நிறுத்தினார். ஹெட்போனின் ஒயரை விரலில் சுற்றினார்.

"இப்ப மேல, சாப்பாட்டு அறையில, இவரு பாடிக் காட்டினதுக்கு அப்புறம்… எனக்குத் தெரியலை. இத்தனை வருஷமும் ஒருத்தர் இருட்டுல உக்காந்து என்னைக் கேட்டுட்டிருந்திருக்காரு. பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்காரு. அது என் தப்பு இல்லைன்னா, அது நானும் இல்லை. அப்படித்தானே? வேற ஏதோ ஒரு சத்தம்." கைத்தடியை ஒரு முழங்காலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார். "தெரிஞ்சுக்கணும்னுதான் வந்தேன். தெரிஞ்சுக்காமப் போக மாட்டேன். சும்மா ஆறுதலுக்கு ஏதும் சொல்லாதீங்க. சொல்லுங்க, அது என்னோடதா?"

ப்ரோஹர் தெமியானிச்சின் வாய் இன்னும் திறந்தபடியே இருந்தது. வாழ்நாள் முழுக்க என்ன கேட்கிறது என்று மேலே சொல்லியே பழகியவர். அவர் மூடிய கையை என் பக்கம் நீட்டி, என் உள்ளங்கையில் அந்தச் சில்லை வைத்து, விரல்களை மடக்கினார்.

"நீ சொல்லு, இல்யா," என்றார். "என்னால ஆகாது."

நான் சொன்னேன்.

என்ன சொன்னேன் என்பது ரஷ்ய மொழியில் இருக்கிறது, மூன்று பேரிடம் இருக்கிறது. அதைத் தமிழுக்குக் கொண்டுவர மாட்டேன். கொண்டுவந்தால் நான் சொன்னது சரியா தவறா என்று நீங்கள் என்னைப் பார்ப்பீர்கள். அப்படிப் பார்க்கப்பட எனக்கு விருப்பமில்லை. வெள்ளிக்கிழமை இழுவைப் படகு வந்தது. கப்பல் போயிற்று. அவர் ரயிலேறினார். ப்ரோஹர் தெமியானிச் ஸோயாவின் காவலறையில் ஒரு கட்டில் போட்டுக்கொண்டார். இவை எதிலிருந்தும் விடையை நீங்கள் கண்டுபிடிக்க முடியாது. நான் முயன்று பார்த்துவிட்டேன்.

ஆகவே ப்ரோஹர் தெமியானிச் எனக்குச் செய்ததை நான் உங்களுக்குச் செய்கிறேன். கையை நீட்டுங்கள். கனமே இல்லை, பாருங்கள். அடுக்குகளைத் தடவிப் பாருங்கள். அடிப்பக்கத்தை இப்போது திருப்பலாம். அதில் தகட்டின் எழுத்து ஒன்று தலைகீழாகப் பதிந்திருக்கிறதா, வெறும் சுவரின் வழவழப்பா என்பது உங்கள் விரலுக்குத் தெரிந்துவிடும். அது எதுவானாலும், சொல்ல வேண்டியது சுலபமாகிவிடாது.

அறை இருட்டு. டார்ச் தரையில். அவ்குஸ்தா செர்கேயெவ்னா தலையை லேசாகச் சாய்த்திருக்கிறார். ஒரு காது கடலுக்கு, அதில் ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு காதிலிருந்து ஹெட்போன் விலகியிருக்கிறது.

உங்கள் பக்கத்துக் காது அது.